விளக்குப் பிடித்தவளின் நெற்றி

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. அவர் மனைவி, ஆயுத பூஜைக்கு மட்டும் ஷெட்டுக்கு வருவார். சூப்பர்வைசர். பிரஸ் ஓட்டுகிற இரண்டு ஆண்கள். அதில் பெரியவரை எல்லோரும் அண்ணன் என்போம். வாட்ச்மேன். பெண்களில் பெரிய அக்கா, எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்காரும் பெண். பேக்கிங்கில் இருக்கும் தெற்கத்திப் பெண். கைக்குழந்தைக்காரி. சுங்குவார்சத்திரத்திலிருந்து வருகிற ஒருத்தி, அவள் அதிகம் பேசமாட்டாள். கடைசியில் நான்.

படமும் இருந்தது. அதையும் சேர்க்க வேண்டும்.

ஒரகடத்தில் ரப்பர் சாமான் செய்கிற சின்ன ஷெட் எங்களுடையது. கார் கதவின் ஓரத்தில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஒரு ரப்பர் ஓடும். அதன் மூலைத் துண்டு இங்கே செய்வது. நான் பிசிறு வெட்டுகிறவள். பிரஸ் அழுத்தி அச்சிலிருந்து ரப்பர் வரும்போது ஓரத்தில் மெல்லிசாகத் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கத்தரியால் வெட்டிப் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எட்டாவது வரை படித்தேன். இந்த வேலைக்கு அதுவும் தேவைப்படவில்லை.

நாங்கள் வெட்டியது இன்ஸ்பெக்ஷன் பெண்ணிடம் போகும். அவள் காஞ்சிபுரத்துக்காரி. லைட்டில் பிடித்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் வலது பக்கம், இல்லாவிட்டால் இடது பக்கம். யாரையும் திட்டமாட்டாள். தப்பானதைத் திரும்ப எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று பெரிய அக்கா சொல்வாள்.

அவள் புருஷன் ஒரகடத்திலேயே ஒரு லாரிக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள். அவருக்கு எப்போதும் நைட்தான். லைன் நிற்கும் நேரத்தில்தான் மிஷினைப் பிரிக்க முடியும் என்பதால் அந்த வேலைக்கு வேறு ஷிஃப்ட் கிடையாது. இவளுக்கு எப்போதும் பகல். இவள் ஆறரைக்கு பஸ் பிடிப்பாள். அவர் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். சாயங்காலம் இவள் போய்ச் சேரும்போது அவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. அன்றைக்கு அவர் பகலெல்லாம் தூங்குவார். உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

ஒருநாள் நான் கேட்டேன், எப்படிம்மா குடும்பம் நடத்துகிறாய் என்று.

"பாத்ரூம் ஈரமா இருந்தா அவரு குளிச்சிட்டுப் போயிருக்காருன்னு தெரிஞ்சிக்குவேன்க்கா" என்றாள்.

நான் கத்தரியை எடுத்துக்கொண்டேன்.

அவள் படம் வரைவாள். தண்ணீரில் கரைக்கிற கலர். காஞ்சிபுரத்தில் ஏதோ டிசைன் படிப்பு படித்தபோது கற்றுக்கொண்டது என்றாள். வரைந்ததை போனில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் ஓட்டல் ஆள் வந்தார்.

சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. லாட்ஜ்தான். ஓட்டல் என்று போர்டு வைத்திருந்தார்கள். வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குகிற இடம் என்பதால் ரூமுக்கு ரூம் படம் மாட்ட வேண்டுமாம். உள் அலங்காரம் பார்க்கிற ஆள் ஒருவர் இவளுக்கு போன் செய்தார். அவரே கதையையும் சொல்லிவிட்டார். கிரேக்க நாட்டுக் கதை. ஒரு படம் போட்டுக் காட்டு, பிடித்திருந்தால் எல்லா ரூமுக்கும் உன்னிடமே வாங்குகிறேன் என்றார். ஆயுத பூஜை, விஜயதசமி கழித்து மறுநாள் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

அந்த வேலை கிடைத்தால் இவள் ஷெட்டை விட்டுவிடுவாள். வீட்டிலேயே உட்கார்ந்து வரையலாம். அவர் காலையில் வரும்போது இவள் இருப்பாள். அவர் மத்தியானம் எழுந்திருக்கும்போதும் இருப்பாள். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் வீடு ஒற்றை அறை. மேலே ஷீட். புரட்டாசி மழையில் ஒழுகிற்று. படத்தை அங்கே வைக்க முடியவில்லை. அதனால் முதலாளியிடம் கேட்டு இன்ஸ்பெக்ஷன் ரூமில் வைத்திருந்தாள். ஷெட்டில் அந்த ஒரு ரூமுக்குத்தான் ஏசி. தூசி வராது. சாப்பாட்டு நேரத்திலும், வேலை முடிந்து பஸ் வருகிறவரையிலும் அங்கேயே வரைவாள். பிளைவுட் பலகையில் கெட்டிக் காகிதம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். என் ஒரு கையை நீட்டினால் வருகிற அகலம் இருக்கும்.

நான் பார்த்தேன். இருட்டான நீலத்தில் ஒரு அறை. கட்டிலில் ஒருத்தன் படுத்துத் தூங்குகிறான். சட்டை இல்லை. முதுகில் வெள்ளை றெக்கை, ஒன்று மடங்கி, ஒன்று கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. அவன் தலைப்பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். கையில் எண்ணெய் விளக்கு. குனிந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள். விளக்கு வெளிச்சம் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் விழுகிறது.

வெள்ளைக் கலர் நன்றாகப் போட்டிருக்கிறாய் என்றேன். வெள்ளை போடவே இல்லை என்றாள். வெளிச்சம் வருகிற இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். சுற்றி இருட்டைத்தான் பூச வேண்டுமாம்.

சாப்பிடும்போது அண்ணன் கதையைக் கேட்டார். அவள் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் பெயர் சொன்னாள். எனக்கு வாயில் வரவில்லை. அவன் அவர்கள் ஊர் மன்மதன் என்று மட்டும் நினைவு வைத்துக்கொண்டேன். அவள் ஒரு ராஜா மகள். ரொம்ப அழகு. அவன் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அவளைக் கெடுத்துவிட்டு வா என்று மகனை அனுப்பினாள். போன மகன் அவளையே கட்டிக்கொண்டான். பெரிய அரண்மனையில் வைத்தான். ஆனால் இருட்டினபிறகுதான் வருவான். விடிவதற்குள் போய்விடுவான். என் முகத்தை மட்டும் பார்க்காதே என்று சொல்லி வைத்திருந்தான்.

"இதுல இன்னா கதை கீது?" என்றார் அண்ணன். "நம்ம ஏரியால பாதி வூட்ல இதான நடக்குது."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

தெற்கத்திப் பெண் விடவில்லை. "றெக்கை வச்சிருக்கவரு எதுக்குண்ணே விடியதுக்குள்ள ஓடணும்? கம்பெனி பஸ்ஸா போயிரும்?" என்று கேட்டாள். அண்ணனுக்குப் புரை ஏறிவிட்டது.

கூடப்பிறந்த அக்காமார் வந்து அந்த ராஜா மகளின் மனதைக் கலைத்தார்களாம். முகம் காட்டாதவன் பாம்பாக இருப்பான், பூதமாக இருப்பான் என்று சொன்னார்களாம். ஒரு ராத்திரி அவன் தூங்கியபிறகு இவள் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். அதுதான் படத்தில் இருப்பது. பார்த்தால் அவ்வளவு அழகு. கை நடுங்கிற்று. விளக்கிலிருந்து ஒரு சொட்டு சூடான எண்ணெய் அவன் தோளில் விழுந்தது. எழுந்தான். ஒரு வார்த்தை பேசாமல் பறந்து போய்விட்டான்.

அந்த இடத்தில் மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தது.

மீதிக் கதையை அவள் இன்னொரு நாள் சொன்னாள். போனவனைத் தேடிக்கொண்டு மாமியாரிடமே போய் நின்றாளாம். மாமியார் ஏழெட்டு தானியத்தை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, பொழுதுக்குள் பிரித்து வை என்றாளாம். ஒரு தடவை எங்களுக்கும் அப்படி வந்தது. இரண்டு அளவு ரப்பர் கலந்து போய், பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்து, எல்லோரும் உட்கார்ந்து பிரித்தோம். அந்த மாமியார் நம் கஸ்டமர்தான் என்று கைக்குழந்தைக்காரி சொன்னாள். அங்கே எறும்பு வந்து பிரித்துக் கொடுத்ததாம். இங்கே யாரும் வரவில்லை. கடைசியில் அவன் திரும்பி வந்தான், இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று முடித்தாள்.

அன்றைக்குப் பெரிய அக்கா லீவு. புருஷனுக்குப் பல் பிடுங்கப் போயிருந்தாள். அவளுக்கு மட்டும் கதை பாதியோடு நின்றது.

ஆயுத பூஜை அன்று காலையிலிருந்தே வேலை இல்லை. பிரஸ்ஸைத் துடைத்தோம். கரி பிடித்த அச்சுகளைத் தேய்த்தோம். வாசலில் வாழைக்கன்று கட்டியாயிற்று. முதலாளி மனைவி சுண்டல் செய்து கொண்டுவந்திருந்தார். பொரி, கடலை, பழம் எல்லாம் மேசையில் இருந்தது.

பொட்டு வைப்பது ஒவ்வொரு வருஷமும் பெரிய அக்காதான். கிண்ணத்தில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொள்வாள். தட்டில் குங்குமம். முதலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பிரஸ்ஸுக்கு வைத்தாள். கம்ப்ரசருக்கு வைத்தாள். எங்கள் கத்தரிகள் ஒவ்வொன்றுக்கும் வைத்தாள். எடை மிஷின், கை ரேகை வைக்கிற மிஷின், சுவரில் தொங்குகிற தீயணைப்பு சிலிண்டர், எதையும் விடவில்லை. சூப்பர்வைசர் தன் லேப்டாப்பை மூடிப் பிடித்துக்கொண்டு, மூடிமேல் வை, கீபோர்டில் வேண்டாம் என்றார். "போன வருஷம் கீபோர்டுல வெச்சதாலதான் உனுக்கு இன்க்ரிமென்ட் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு மூடிமேல் வைத்தாள்.

நான் பொட்டு வைப்பதில்லை. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பூஜை நாளில் நானாகவே கொஞ்சம் தள்ளி நிற்பேன். யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு இன்ஸ்பெக்ஷன் ரூம் வாசலில் நின்றிருந்தேன்.

முதலாளி மனைவி படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பெண் மேலே போட்டிருந்த துணியை எடுத்துவிட்டு, மேசைமேல் சுவரில் சாய்த்து வைத்தாள். அவர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தட்டில் சுண்டல் போடக் கூப்பிட்டார். அவள் போனாள். துணியைத் திரும்பப் போடவில்லை.

பெரிய அக்கா உள்ளே வந்தாள். அளவு பார்க்கிற கருவிகளுக்கு வைத்தாள். மேசை விளக்குக்கு வைத்தாள். பிறகு படத்தின் முன்னால் நின்றாள். அவள் அதை முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"இன்னாடி இது" என்றாள், யாரிடமும் இல்லாமல். "ஆம்பள நீட்டிப் படுத்துனு கீறான். தலமாட்ல வெளக்கு. இவ வெறும் நெத்தியோட நிக்கிறா. நல்ல நாளும் அதுவுமா..."

அப்போது வாசலில் என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டுப் பழகியதுதான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வரைஞ்ச பொண்ணு பொட்டு வெக்க மறந்துட்டுது போல. புருஷன் நைட் போறான். இத்த இப்டியே வெச்சினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

சொல்லிக்கொண்டே விரலைச் சந்தனத்தில் தோய்த்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் விரல் பட்டுவிட்டது. மேலே குங்குமமும் வைத்தாள். கும்பிட்டாள். அடுத்த மேசைக்குப் போனாள்.

மிஷினில் வைத்தால் சந்தனம் மேலேயே நிற்கும். இங்கே அப்படி நிற்கவில்லை. காகிதம் உடனே குடித்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டின் ஓரம் விரிந்தது.

அந்தப் பெண் சுண்டல் தட்டோடு வந்தாள். பார்த்தாள். தட்டை மேசையில் வைத்தாள். யார் என்று கேட்கவில்லை. அது கேட்க வேண்டியதும் இல்லை, ரூம் முழுக்க அதே பொட்டுதான். டிராயரிலிருந்து பிரஷ், நல்ல தண்ணீர், டிஷ்யூ எடுத்தாள். பொட்டின் மேல் தண்ணீர் தொட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தாள். சந்தனம் ஓரளவு வந்தது. குங்குமம் வரவில்லை. ஈரத்தில் பிரிந்து புருவம் வரை இறங்கிற்று. இன்னொரு முறை ஒற்றினாள். மூக்குவரை சிவப்பு வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டாள்.

வெளியே கற்பூரம் ஏற்றி எல்லோரையும் கூப்பிட்டார்கள். போனோம். வாட்ச்மேன் பூசணிக்காய் உடைத்தார். அவளும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விரல் நுனி சிவப்பாக இருந்தது.

பிறகு எல்லோரும் வந்து பார்த்தார்கள். முதலாளி மனைவி, மங்களகரமாகத்தானே இருக்கிறது, விட்டுவிடு என்றார். பெரிய அக்கா கிட்டே வந்து பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"தொடச்சா போயிடும்னு நெனச்சேன். காலண்டர்ல வெச்சா போவும்."

"அது வழவழன்னு இருக்கும்க்கா. இது வெறும் பேப்பரு."

"மேல வெள்ளை பூசிடேன்."

"இதுல வெள்ளை கெடையாதுக்கா" என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள். விளக்கினால் பெரிய அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று விட்டாளோ என்னவோ.

அண்ணன் தன் பங்குக்கு, டீவியேஷன் போட்டு அனுப்பிவிடு என்றார். ரப்பரில் சின்னக் குறை இருந்து, ஆனால் வேலைக்கு ஆகும் என்றால், குறை இதுதான் என்று நாங்களே எழுதிக் கொடுத்துச் சாமானை அனுப்புவோம். அதற்குத்தான் அந்தப் பெயர்.

"கஸ்டமர் ஒத்துக்கணும்ணா" என்றாள்.

மறுநாள் விஜயதசமி, லீவு. அவள் வேறு படம் போட நினைத்திருக்கிறாள். அந்தக் காகிதம் இங்கே கிடைக்காது. சென்னையில்தான் வாங்க வேண்டும். போன் செய்து பார்த்தாள். கடை திறக்கவில்லை.

அதற்கு மறுநாள் டீ நேரத்தில் ஓட்டல் ஆள் காரில் வந்தார். பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் கொஞ்சம் தள்ளி டீ டம்ளரோடு நின்றோம். ரொம்ப நேரம் பார்த்தார். போனில் இருந்த ஏதோ ஒரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். றெக்கை நன்றாக வந்திருக்கிறது என்றார். விளக்கு நன்றாக வந்திருக்கிறது என்றார். இந்த முகம்தான் என்றார். வருகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டு ஆட்கள், அவர்கள் ஊர்க் கதையில் நம் ஊர்ப் பொட்டு இருந்தால் கேலி செய்கிற மாதிரி இருக்கும், அதுவும் வழிந்து ரத்தம் மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பெரிய அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"நான்தான் சார் வெச்சேன். அது நல்லாத்தான் போட்டிருந்துச்சு. பொண்ணு மேல தப்பு இல்ல."

இருக்கட்டும்மா என்றார் அவர். கோபப்படவில்லை.

அந்தப் பெண் வேறு படம் போட ஒரு வாரம் டைம் கேட்டாள். திறப்பு விழாவே அதற்கு முன்னால் வருகிறது என்றார். சென்னையில் அச்சடித்த படங்கள் ரெடியாகக் கிடைக்கின்றன, இந்தத் தடவை அதை வாங்கி மாட்டிவிடுகிறேன், அடுத்த கட்டடத்துக்குப் பார்க்கலாம் என்றார். கார் கிளம்பிற்று.

"சரி சார்" என்று அவள் சொன்னது கார் கிளம்பியபிறகு.

மணி அடித்தது. போய் உட்கார்ந்தோம். அன்றைக்கு அவள் மேசையிலிருந்து ஒரு துண்டுகூடத் தப்பு என்று திரும்பி வரவில்லை. எங்களில் யாருமே அன்று தப்பாக வெட்டவில்லையா, அவள் பார்க்கவில்லையா, தெரியாது.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். ரப்பர் கரி லேசில் போகாது, சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டும். பெரிய அக்கா அவள் பக்கத்தில் நின்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். கை சுத்தமானபிறகும் தேய்த்தாள்.

அந்தப் பெண்தான் பேசினாள். "அவன் திரும்பி வந்துடுவான்க்கா."

"யாரு?"

"படத்துல கீறவன். பறந்து போனான் இல்ல, அவன். கடைசில வந்து கூட்டினு போயிடுவான். ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்க."

பெரிய அக்கா தண்ணீரை நிறுத்தினாள்.

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடி? நான் ஏன் அது கிட்ட போவப் போறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பெரிய அக்கா சிரிக்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

படம் சில நாள் அங்கேயே இருந்தது. துணி போட்டு, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். பிறகு முதலாளி அந்த ரூமில் இன்னொரு மேசை போட வேண்டும் என்றார். கம்பெனி பஸ்ஸில் அந்தப் பலகையை ஏற்ற முடியாது. ஆட்கள் நிற்கவே இடம் இருக்காது. அதனால் ஒரு சனிக்கிழமை காலை, நைட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவள் புருஷன் பைக்கில் ஷெட்டுக்கு வந்தார்.

நான் அன்று சீக்கிரம் வந்திருந்தேன். கேட்டுக்கு வெளியே அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. முன்னே பின்னே அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தத் தோள், தாடை, காதுப் பக்கம் முடி சுருண்டிருப்பது. எல்லாம் படத்தில் இருப்பதுதான். றெக்கை மட்டும் இல்லை.

அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. "வாப்பா. றெக்கைய எங்க கழட்டி வெச்சிட்டு வந்த?" என்றார். அந்த ஆளுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்.

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணியை விலக்கிக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் நின்று பார்த்தார். பொட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு அது முன்னமே தெரிந்திருக்கும், போனில் சொல்லியிருப்பாள். அவர் பார்த்தது படுத்திருக்கிறவனை.

"நான் இப்டியா தூங்கறேன்?" என்றார்.

"வேற எப்டி நான் உன்ன பாத்திருக்கேன்?"

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பைக்கின் பின்பக்கம் பலகையை வைத்து அவர் பிடிக்க, அவள் கயிறு கட்டினாள். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். வராது என்றார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள் என்றாள். சரி என்றார். மணி அடித்தது. அவள் உள்ளே வந்துவிட்டாள். அவர் பைக்கை எடுக்காமல் கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன், உள்ளே யாரையாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தீபாவளி முடிந்து புது அச்சு வந்தது. ஆர்டர் அதிகம். ராத்திரியும் பிரஸ் ஓட்ட வேண்டும் என்றார் முதலாளி. பிரஸ்ஸுக்கு ஆண்கள் இருக்கிறார்கள். பிசிறு வெட்ட, இன்ஸ்பெக்ஷன் பார்க்க, ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பையன்களைக் கான்ட்ராக்டில் எடுப்பதாகப் பேச்சு.

அந்தப் பெண் நேராக முதலாளியிடம் போனாள். தனக்கு நைட் கொடுக்கச் சொன்னாள். நைட் என்றால் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வருவார்கள். ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஓட்டல் படத்தில் கிடைக்க இருந்ததும் அதுதான்.

முதலாளி முடியாது என்றார். ஒரு பெண்ணைத் தனியாக ராத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டேன், நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவர் சொன்னாராம், பெண்கள் ஐந்து பேர் வரட்டும், வேன் விடுகிறேன், காவலுக்கு ஒரு அம்மாவையும் போடுகிறேன், குறைந்தால் பேச்சே இல்லை என்று. ஷெட்டில் பெண்களே மொத்தம் ஆறு பேர். நடக்காது என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அவள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. அச்சைப் பற்றிப் பேச ஆபீஸ் ரூமுக்குப் போயிருந்த அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டில் சொன்னார். அவள் தலையைத் தூக்கவில்லை. குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். நாங்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கைக்குழந்தைக்காரி மட்டும் பாதியில் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் வரிசையாக நிற்க வைத்து சூப்பர்வைசர் பேசுவார். எத்தனை செய்ய வேண்டும், கையுறை போடு, அந்த மாதிரி. மறுநாள் அதெல்லாம் பேசி முடித்துவிட்டு, லேடீஸ்ல நைட்டுக்கு யார் வர்றீங்க, கையத் தூக்குங்க என்றார். பேனாவை எடுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்ஷன் பெண் கையைத் தூக்கினாள்.

தெற்கத்திப் பெண் தூக்கினாள். "ராத்திரில ரூம்ல நாலு பேரு நெருக்கிப் படுத்திருக்கோம் சார். பகல்ல ரூம் சும்மாதான் கெடக்கு. நான் பகல்லயே தூங்கிக்கிடுதேன்" என்றாள்.

சுங்குவார்சத்திரத்துக்காரி தூக்கினாள். காரணம் சொல்லவில்லை.

கைக்குழந்தைக்காரி தரையைப் பார்த்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

பெரிய அக்காவுக்கு வீட்டில் புருஷன், மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லாம் உண்டு. ராத்திரி சமையல் அவள் கையால்தான். புருஷனுக்குச் சர்க்கரை, நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். கண் ஆபரேஷன் ஆனபிறகு அவளுக்கு ராத்திரி வெளிச்சம் கூசும். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். சூப்பர்வைசரும் அவளை எதிர்பார்க்கவில்லை. பேனா என் பக்கம் வந்தது.

"யோவ், என்ன இன்னாத்துக்கு உட்டுட்டுப் போற?" என்றாள் பெரிய அக்கா. கை மேலே இருந்தது. "எம் மருமவ கொஞ்ச நாளு சமைக்கட்டும். மாத்திரையும் அவளே குடுக்கட்டும்."

அந்தப் பெண் திரும்பிப் பெரிய அக்காவைப் பார்த்தாள். பெரிய அக்கா அவளைப் பார்க்கவில்லை. நேராக நின்றாள்.

சூப்பர்வைசர் பேனா முனையால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். நான்கில் நின்றது.

எனக்கு ராத்திரி வீட்டில் ஆள் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. டிவி பார்ப்பேன், படுப்பேன். கையைத் தூக்கினேன்.

அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

ஐந்து.